கடைமடைக்கு முதலில் வருவது

மாயவரம் பக்கத்தில் இருக்கும் என் சித்தி, குழு லோனில் 40,000 ரூபாய் வாங்கியிருந்தார். கார்த்திகை மழையில் சம்பா மூழ்கி, ஒரே ஒரு தவணை தவறியது. வசூலுக்கு வந்த பையன் ராத்திரி எட்டரை வரை திண்ணையை விட்டு எழவில்லை. குழுவில் இருந்த மற்ற பெண்களையும் வரவழைத்து எதிரே உட்கார வைத்துவிட்டான். மைக்ரோ ஃபைனான்ஸ்காரர்கள் மாலை 6 மணிக்கு மேல் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டிருக்கிறது. சொல்லிப் பார்த்தேன். "எனக்கு டார்கெட் இருக்கு சார்" என்றான். அவனும் யாருக்கோ பதில் சொல்ல வேண்டியவன்தான்.

இதே சித்தி ஒரு நிதி நிறுவனத்தில் 3 லட்சம் போட்டு ஏமாந்தவர். அந்த முதலாளி வீட்டுத் திண்ணையில் யாரும் போய் உட்காரவில்லை. இப்படிப் பணம் போட்டவர்களைக் காப்பாற்ற 1997-லேயே டான்பிட் என்று தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று வந்தது. பத்து ஆண்டு வரை சிறை. சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பணம் போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளூர் ஸ்டேஷனில், பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்கள் என்றார்கள். அப்புறம் வழக்கு மதுரை தனி நீதிமன்றத்துக்குப் போனது. கூப்பிடாத வாய்தாவுக்கும் விடியற்காலை பஸ் பிடித்துப் போகிறார். டெபாசிட் ரசீதை லேமினேஷன் செய்து மஞ்சப்பையில் வைத்திருக்கிறார்.

2016 மார்ச் நினைவிருக்கிறதா? டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரத்தநாடு பக்கம் ஒரு விவசாயியைப் போலீஸ் அடித்து இழுத்துப்போன வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. 9,000 கோடிக்கு மேல் பாக்கி வைத்த விஜய் மல்லையா லண்டனுக்குப் பறந்ததும் அதே மாதம்தான். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வர நாளாகும். சட்டத்தின் அடி மட்டும் இங்கேதான் முதலில் வந்து விழுகிறது.

வசதி இருந்தும் கட்டாதவர்களோடும், மோசடிக் கணக்குக்காரர்களோடும் வங்கிகள் சமரசம் பேசலாம் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி சொன்னது. கிரிமினல் வழக்கு தனியாக நடக்கும் என்கிறார்கள். சரி. சித்தியிடம் சமரசம் பேச யார் வந்தார்கள்?

பணத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. அந்த முதலாளி ஜாமீனில் வந்து கும்பாபிஷேகத்துக்கு ஃபிளெக்ஸ் வைக்கிறார். ஓரகத்தியையும் அந்த நிறுவனத்தில் பணம் போட வைத்த சித்தி, ஓரகத்தி வீட்டுத் தெரு வழியாகவே போவதில்லை. "வாங்கினா கோடில வாங்கணும் மாமா" என்கிறான் என் அக்கா பையன். கல்லூரி இரண்டாம் ஆண்டு. விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

நேற்று சித்தி போன் செய்தார். தோட்டை அடகு வைத்துத் தவணையைக் கட்டிவிட்டாராம். 14-ந் தேதி மதுரைக்குக் கூட வர முடியுமா என்று கேட்டார்.