மேட்ச் எதில் வருகிறது?

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் வாங்கிக்கொண்டு எங்கள் பனியன் கம்பெனியை விட்டுக் கிளம்பும் பையன்கள் என்னிடம் தவறாமல் கேட்பார்கள்: "அண்ணா, இன்றைக்கு மேட்ச் எதில் வருகிறது?" தங்கள் கால்பந்து அணியின் பதினொரு பேரையும், காயம்பட்டு உட்கார்ந்திருப்பவரையும் மூச்சு விடாமல் சொல்லத் தெரிந்தவர்கள். எந்தச் சேனல், எந்தச் செயலி என்பது மட்டும் தெரியாது. அதில் அவர்கள் தவறு ஏதுமில்லை. 2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து ஆட்டங்களை ஸ்டார் ஸ்போர்ட்ஸில் பார்த்துப் பழகினோம். 2023இல் அது ஸ்போர்ட்ஸ்18க்கும் ஜியோ சினிமாவுக்கும் போனது. 2025 பிப்ரவரியில் ஜியோ சினிமா என்ற பெயரே மறைந்து ஜியோ ஹாட்ஸ்டார் ஆனது. ஸ்பெயினின் கால்பந்து லீக்கான லா லிகாவை 2018 முதல் மூன்று சீசன்கள் முகநூலில் இலவசமாகப் பார்த்தோம்; பிறகு அதுவும் இடம் மாறிவிட்டது.

எனக்கு இந்த அலைச்சல் தொடங்கியது இன்னொரு தேசியக் கால்பந்துத் தொடரான ஐ லீக்கின் 2018-19 சீசனில். சென்னை சிட்டி அணி கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய காலம். முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோஸ் அணியை 4-1 என்று வென்றார்கள். பெட்ரோ மான்சி மூன்று கோல் அடித்தார். கோவையில் ஆட்டம் என்றால் திருப்பூரிலிருந்து பஸ் ஏறிவிடலாம். வெளியூர் ஆட்டங்கள் ஸ்ரீநகர், ஐஸ்வால், இம்பால், கொல்கத்தா என்று எங்கெங்கோ நடந்தன. அந்த சீசனின் எல்லா ஆட்டங்களையும் டிவியில் காட்டவில்லை. முதலிடத்துக்குப் போட்டியிடும் அணியின் ஆட்டத்தை, கைப்பேசியில் ஒவ்வொரு வரியாக வரும் ஸ்கோரை வைத்து மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதே 2019 பிப்ரவரி 1 முதல், கட்டணச் சேனல்களை நாமே தேர்ந்தெடுத்துப் பணம் கட்ட வேண்டும் என்ற டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி நடைமுறைக்கு வந்தது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் விளையாட்டுச் சேனல்தான் முதலில் போனது.

மார்ச் 9, லீக்கின் கடைசி நாள். கோவையில் மினர்வா பஞ்சாப் அணியுடன் நாங்கள். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஈஸ்ட் பெங்கால். ஈஸ்ட் பெங்கால் எங்களைவிட ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கோல் வாங்கிவிட்டோம். கேலரியில் எனக்குப் பக்கத்தில் இருந்த பாலக்காட்டுக்காரர் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, கோழிக்கோட்டு மைதானத்தில் உட்கார்ந்திருந்த தன் மச்சானிடமிருந்து நிலவரம் கேட்டு எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பி அவர் வாயையே பார்த்தார்கள். இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று வென்றது. 43 புள்ளிக்கு 42 என்று கோப்பை கோவையில் நின்றது. எனக்கு அன்று வாய்த்த வர்ணனையாளர் அந்தப் பாலக்காட்டுக்காரர்தான்.

அதனால்தான் வானொலியைப் பற்றி இவ்வளவு ஆதங்கம் எனக்கு. சோமனூரில் தறி ஓட்டிய என் அப்புச்சி, சேப்பாக்கத்துப் பொங்கல் டெஸ்ட்டை அகில இந்திய வானொலியின் தமிழ் வர்ணனையில் கேட்டே வளர்ந்தவர். மைதானத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல், பந்து எந்தப் பக்கம் போனது என்று கைநீட்டிக் காட்டுவார். கால்பந்துக்கு வங்காளத்திலும் மலையாளத்திலும் அப்படி ஒரு வானொலி மரபு இருந்தது. தமிழில் கால்பந்து வர்ணனையை டிவியிலும் செயலியிலும் கேட்டிருக்கிறேன். 2022 உலகக் கோப்பையை ஜியோ சினிமாவில் தமிழிலேயே பார்த்தோம். ஆனால் ஓவர்லாக் மெஷினில் ஒன்றரை ஷிப்ட் உட்காருபவனுக்குக் கண்ணும் கையும் துணியில் இருக்கின்றன. காது மட்டும்தான் மிச்சம். கோவை வானொலி நிலையம் தமிழக அணிகளின் ஆட்டங்களையாவது தமிழில் வர்ணிக்க வேண்டும். ஒரு மைக்கும் ஆட்டம் தெரிந்த இரண்டு பேரும் போதும். கேட்க ஆள் இருக்கிறார்கள். தினமும் அவர்களோடுதான் வேலை செய்கிறேன்.

லீக் நடத்துபவர்களிடமும் கிளப்புகளிடமும் கேட்பது இன்னும் சின்ன விஷயம். அட்டவணை வெளியிடும்போதே எந்தச் சேனல், எந்தச் செயலி, நம் நேரப்படி எத்தனை மணி, இலவசமா கட்டணமா என்று தமிழிலும் நாலு வரி எழுதுங்கள். இங்கிலாந்தில் மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். அங்கே மதியம் மூன்று மணி ஆட்டம் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 8.30, கோடையில் 7.30. இது தெரியாமல் முதல் பாதியைத் தவறவிட்டு வருத்தப்பட்டவர்கள் எங்கள் கம்பெனியிலேயே இருக்கிறார்கள். நேர்வழி தெரியாத பையன்தான் கள்ள இணைப்பைத் தேடிப் போகிறான். அவனைத் திட்டும் முன்பு வழியைச் சொல்லிவிடுங்கள்.

இப்போதைக்கு நானே ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு அந்தந்த அணியின் அதிகாரப்பூர்வப் பக்கத்தையும் லீக்கின் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, டீ குடிக்கும் இடத்தில் உள்ள கரும்பலகையில் ஆட்டம், மணி, சேனல் மூன்றையும் எழுதி வைக்கிறேன். போன வாரம் நான் லீவு. செக்கிங் பிரிவு அம்மணி ஒருத்தி அதை எழுதி வைத்திருந்தாள், தன் அணியின் ஆட்டத்தை முதல் வரியாகப் போட்டு.