சட்டம் பேசுகிற இடத்தில் கதைக்கு என்ன வேலை என்று கேட்டவருக்கு

சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்தவர்கள் பார்த்தீர்கள். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியைப் பற்றி நான் இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை, "சட்டம் பேசும்போது கதை எதற்கம்மா" என்று உட்கார வைத்தார் அந்த மூத்த வழக்கறிஞர். மூன்று நாளாக முள்ளாக உறுத்துகிறது.

ஐயா, ரஷ்யாவில் சட்டமும் கதையும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தன. 1864 நீதித்துறைச் சீர்திருத்தத்தில் ஜூரியும் பகிரங்க விசாரணையும் வந்ததும், பத்திரிகையில் வழக்குகளைப் படித்துவிட்டு எழுத்தாளர்களால் சும்மா இருக்க முடியவில்லை.

1876 மே, பீட்டர்ஸ்பர்க். கர்னீலவா என்ற கர்ப்பிணி, மூத்தாள் பெற்ற ஆறு வயதுப் பெண்ணை நான்காம் மாடி ஜன்னலிலிருந்து கீழே தள்ளிவிட்டாள். ஜன்னலைச் சாத்தினாள், உடுத்திக்கொண்டாள், அறையைப் பூட்டிக்கொண்டு தானே காவல் நிலையத்துக்குப் போய்ச் சொன்னாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. இவளுக்குக் கடுங்காவல், அப்புறம் சைபீரியா. கர்ப்பகாலத்தில் அவள் மனது எப்படி இருந்தது என்று யாராவது யோசித்தீர்களா என்று தன் 'எழுத்தாளனின் நாட்குறிப்பு' இதழில் கேட்டார் தஸ்தயேவ்ஸ்கி. சிறைக்கே போய் அவளைப் பார்த்தார். தீர்ப்பு ரத்தானது, 1877 ஏப்ரலில் மறுவிசாரணையில் விடுதலை. இது கதையா, சட்டமா? பிரித்துக் காட்டுங்கள்.

எழுத்தாளன் நீதிமன்றத்தில் மூக்கை நுழைக்கலாமா என்பீர்கள். குழந்தையைத் தள்ளியவளுக்குப் பரிந்து பேசினார் என்று அப்போதே திட்டினார்கள். சரி, அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே 1876-இல், ஏழு வயது மகளைக் குச்சிகளால் விளாசிய க்ரோனபெர்க், வழக்கறிஞர் ஸ்பசோவிச்சின் வாதத்தால் விடுதலையானபோது, அந்தப் பிஞ்சுக்காகப் பக்கம் பக்கமாக எழுதியதும் இவர்தானே? 1849 டிசம்பரில் தனக்கே விதித்த மரண தண்டனையை வாசிக்கக் கேட்டுக்கொண்டு மைதானத்தில் நின்ற மனுஷன். சட்டம் என்றால் என்னவென்று அவருக்கா தெரியாது?

என் கதையும் இருக்கிறது. அப்பா போன பிறகு நிலத் தகராறில் பதினொரு வருஷம் அம்மாவோடு கோர்ட்டுக்கு நடந்தேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துதான் அவருடைய 'குற்றமும் தண்டனையும்' நாவலைப் படித்தேன். அதில் விசாரணை அதிகாரி போர்ஃபிரி ஒரு கொலைகாரனை உட்கார வைத்து மணிக்கணக்காகப் பேசுகிறார், அவன் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள. மஞ்சள் பையில் பத்திரத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், அந்தப் பதினொரு வருஷத்தில் கேட்டதெல்லாம் பெயர், வயது, ஒரு கையெழுத்து.

அடுத்த கூட்டத்துக்கும் வருவேன். கர்னீலவாவிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.