கீபோர்டின் முதுகில் எல்லாமே ஒரே ஓட்டை

சிந்தசைசர் கீபோர்டைத் திருப்பிப் பாருங்கள். அவுட்புட், சஸ்டெயின் பெடல் (மிதித்தால் ஸ்வரம் இழுபடும்), எக்ஸ்பிரஷன் பெடல் (ஒலியைக் காலால் ஏற்றி இறக்க), பல மாடல்களில் ஹெட்ஃபோனும் சேர்த்து, எல்லாவற்றுக்கும் அதே 6.35 மி.மீ. ஓட்டைதான். பெயரோ கறுப்பு உடம்பில் சாம்பல் நிறப் பொடி எழுத்து. மேடை இருட்டில் எவன் படிப்பது? வெள்ளையில் பெரிதாக அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

ஆம்ப் ஒன்றுதான் என்றால் ஒயரை ‘எல்/மோனோ’ (இடது) அவுட்புட்டில் மட்டும் செருக வேண்டும், இரு பக்க ஒலியும் சேர்ந்து வரும். ‘ஆர்’-இல் செருகினால் வலது பக்க ஒலி மட்டுமே வரும். ஸ்டீரியோ பியானோ மெலிந்துபோகும்.

சஸ்டெயின் பெடல் அடுத்த தலைவலி. மிதித்தால் சில பெடல் சர்க்யூட்டை மூடும், சில திறக்கும். அதனால் பல கீபோர்டுகள், ஆன் ஆகும் நொடியில் பெடல் எப்படி இருக்கிறதோ அதையே மிதிக்காத நிலை என்று எடுத்துக்கொள்ளும். அப்போது கால் அதன்மேல் இருந்தால் போச்சு: காலை எடுத்தால் ஸ்வரம் இழுபடும், மிதித்தால் நிற்கும். ஆஃப் செய்து, காலை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள், சரியாகிவிடும்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை ‘லோக்கல் கண்ட்ரோல்’, அதாவது கட்டைகளைக் கீபோர்டின் சொந்த ஒலியோடு இணைக்கும் ஸ்விட்ச். அது ஆஃப் ஆனால் கட்டையை அழுத்தினாலும் சத்தம் வராது. வேறு கருவிக்கோ கம்ப்யூட்டருக்கோ வாசிப்பை அனுப்பும் மிடி அவுட்டில் தகவல் மட்டும் போகும். மிடி ஒயரில் ஒலியே கிடையாது, எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்ற கணக்குதான். பாவம், கீபோர்டே செத்துவிட்டது என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். மெனுவின் அடியாழத்தில் புதைத்த அந்த ஸ்விட்ச் ஆஃபில் இருப்பதை முதல் திரையிலேயே காட்டித் தொலைக்கலாமே!