மடிப்பில் துரு வந்தால் மடக்கியவன்தான் குற்றவாளியா?

இணையத்தில் ஒருவர் போட்ட அந்தப் புகைப்படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புத்தம் புதிய எஃகுத் தகட்டுப் பெட்டியின் மடிப்பில், பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு செந்நிறத் துருக்கோடு. அதன் கீழே, "மடக்கத் தெரியாதவனிடம் கொடுத்தால் இப்படித்தான்" என்று ஒற்றை வரி. அதற்கு விழுந்த சிரிப்புக் குறிகளை எண்ணுவதை ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டேன். தகட்டை மடக்கும் பிரஸ் பிரேக் மெஷினின் முன்னால் பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தத் துரு மெஷினில் பிறக்கவில்லை, ட்ராயிங்கில் பிறந்தது.

படத்தோடு பதிவைப் போட்டவரே இணைத்திருந்த ட்ராயிங்கைப் பாருங்கள். 2 மி.மீ. தகடு, அலுமினியம்-துத்தநாகப் பூச்சு, மடிப்பின் உள் ஆரம் 1 மி.மீ. தகட்டை, அதற்கு அடியில் இருக்கும் வி வடிவப் பள்ளமுள்ள அச்சான டையின் அடிவரை அழுத்தாமல் மடக்கும்போது, அந்த ஆரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தப் பள்ளத்தின் வாயகலம். சாதாரண எஃகில் ஏறக்குறைய அதன் ஆறில் ஒரு பங்கு. இந்தத் தகட்டுக்கு வழக்கமாகப் போடும் 16 மி.மீ. டையில் ஆரம் ஏறக்குறைய 2.5 மி.மீ. வரும்; வெளிப்பக்கம் 29 சதவீதம் அளவுக்கு நீளும். ஆரத்தை 1 மி.மீ. ஆக்கினால் அதே வெளிப்பக்கம் 50 சதவீதம் நீள வேண்டும். எஃகு பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து 150 கிராம் என்று பூசப்படும் அந்தப் பூச்சு ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 மைக்ரான்தான். எடையில் 55 சதவீதம் அலுமினியம் கொண்ட அது, துத்தநாகம் மட்டும் பூசிய ஜிஐ தகட்டைப்போல் வளைந்து கொடுக்காது. வெடிக்கும். வெடித்த இடத்தில் துரு பிடிக்கும். இதில் மடக்கியவனின் கைவரிசை எங்கே இருக்கிறது?

"ஆபரேட்டர்கள் தவறே செய்வதில்லையா?" என்று உடனே கேட்பீர்கள். செய்கிறோம், நானே செய்திருக்கிறேன். சேர்ந்த புதிதில் ஒரு நாள் முழுக்க ஜிஐ தகடு மடக்கினேன். எல்லாவற்றிலும் மடிப்பை ஒட்டி ஒரே மாதிரிக் கீறல். மேஸ்திரி ஒன்றும் திட்டவில்லை. என் விரலைப் பிடித்து டையின் தோளில், அதாவது பள்ளத்தின் மேல்விளிம்பில், வைத்து மெல்ல இழுத்தார். மீன் செதிலைப்போல் துத்தநாகத் துகள் ஒட்டிக் காய்ந்திருந்தது. அன்று முதல் ஐம்பது மடிப்புக்கு ஒருமுறை டையைத் துடைக்காமல் நான் மிதியை மிதித்ததில்லை. அது என் தவறு, ஒப்புக்கொண்டேன், திருத்திக்கொண்டேன். ட்ராயிங் போடுபவர்களில் எத்தனை பேர் இப்படி ஒப்புக்கொண்டு பார்த்திருக்கிறீர்கள்?

அந்தப் பதிவின் கீழே இன்னொருவர், துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு எஃகைக் காக்கும் என்று பாடம் எடுத்தார். உண்மைதான், சிறு கீறலுக்கும் வெட்டிய விளிம்புக்கும் அது நன்றாகவே வேலை செய்யும். அலுமினியம் பாதிக்கு மேல் இருக்கும் பூச்சில் அந்தத் துணை குறைவு என்பதை மட்டும் பாடத்தில் விட்டுவிட்டார். மடக்கிய பிறகு 450 டிகிரி உருகிய துத்தநாகத்தில் முக்கலாமே என்றவருக்கு, மெல்லிய தகட்டுப் பெட்டி அந்தச் சூட்டில் எப்படி நெளியும் என்பதை ஒருமுறை நேரில் பார்க்கச் சொல்வேன்; அதற்கு மேல் வாதிட எனக்குத் தெம்பில்லை.

எனக்கு வலிப்பது துருகூட இல்லை. ஆரத்தைக் கூட்டுங்கள் என்று எங்களில் ஒருவன் சொன்னால், "ட்ராயிங்கில் இருப்பதைச் செய், உனக்கு எதற்கு யோசனை" என்பார்கள். இருப்பதைச் செய்து வெடித்தால், மடக்கத் தெரியாதவன் என்பார்கள். யோசிக்காதே என்று சொன்ன அதே வாய்தான், ஏன் யோசிக்கவில்லை என்றும் கேட்கிறது.

அந்தப் பதிவைப் போட்டவருக்கு நான் கோபமாக எதுவும் எழுதவில்லை. ஒரே தகட்டிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை 16 மி.மீ. டையிலும் மற்றதை 6 மி.மீ. டையிலும் மடக்கி, இரண்டையும் உப்புத் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன், வந்து பாருங்கள் என்று மட்டும் எழுதினேன். வருவதாகச் சொன்னார். வாரம் இரண்டாகிறது; தண்ணீரைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.