முன்பயிற்சி இல்லாத பிள்ளைகளும் சேர்கிறார்கள்
பள்ளி இசைக்குழுக்கள் சிறு வயதிலேயே தனிப்பயிற்சிக்குச் செலவிட முடிந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கே உரியவை என்று இங்கு வெளியான கட்டுரை கூறுவதை, சிங்கப்பூரின் உயர்நிலைப் பள்ளிகளைப் பொறுத்தவரை என்னால் ஏற்க இயலவில்லை. வயலினும் செல்லோவும் முதன்மை பெறும் ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கு அக்கூற்று ஓரளவு பொருந்தலாம். ஆனால் 1960களில் அரசின் ஊக்கத்தோடு பள்ளிகளில் வேரூன்றிய, ஊதுகருவிகளும் தாளக் கருவிகளும் கொண்ட பேண்டு குழுக்களில், உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டில் சேரும் மாணவர்களுள் பலர் அதற்கு முன் இசைக்குறிப்புத் தாளையே பார்த்திராதவர்கள். என் மகளும் அப்படிச் சேர்ந்தவள்தான். டியூபா, பாசூன் போன்ற விலையுயர்ந்த ஊதுகருவிகளைப் பள்ளியே வாங்கி வைத்து மாணவர்களுக்குக் கொடுக்கிறது; அவளுக்கு டியூபாவை ஒத்த, அதைவிடச் சிறிய யூஃபோனியம் கிடைத்தது. தொடக்க வாரங்களில் ஊதும் முனையை மட்டும் கையில் கொடுத்து, உதடுகளை அதிரச் செய்து ஒரே சுரத்தை நிலையாகப் பிடிக்கப் பழக்கினார்கள்; வால்வுகளுக்கு எண்ணெய் இடுவதையும், குழாயில் தேங்கும் நீரை வெளியேற்றுவதையும் கற்றுக்கொடுத்தவர்கள் மூன்றாம் ஆண்டில் படித்த அக்காமார்கள். போட்டிதான் இசையைக் கெடுக்கிறது என்று அக்கட்டுரைக்குக் கருத்து எழுதியிருக்கும் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பள்ளிக் கலைக்குழுக்களை மதிப்பிடும் சிங்கப்பூர் இளையர் விழாவில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என விருது வழங்கிய முறை 2013-இல் கைவிடப்பட்டு, மூன்று நிலைச் சான்றிதழ்கள் வந்துவிட்டன. எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. நான்காம் ஆண்டில் தேர்வுக்காகக் குழுவிலிருந்து விலகும் மாணவர் கருவியையும் பள்ளியிடம் திருப்பிக் கொடுத்துவிடுவதால், அத்தனை நாள் உழைத்துப் பெற்ற திறன் பெரும்பாலும் அங்கேயே நின்றுபோகிறது. வார இறுதிகளில் அக்கருவிகளை முன்னாள் மாணவர்களுக்கு இரவல் தரப் பள்ளிகள் முன்வர வேண்டும்.