நோன்பில் யாருக்கும் பசிக்காத புத்தகங்கள்

ரமலான் நெருங்கினால் போதும், குழந்தைகளுக்கான நோன்புப் புத்தகங்கள் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. அண்ணன் மகளுக்கு வாசித்துக் காட்டும் வேலை என் தலையில் விழுந்திருப்பதால் கைக்குக் கிடைக்கிற எதையும் நான் விடுவதில்லை. படங்களெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் பார்த்ததில் முக்கால்வாசி முஸ்லிம் பிள்ளைக்காக எழுதியவை அல்ல. அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் அதன் டீச்சருக்கும் எழுதியவை.

இரண்டு பக்கம் புரட்டினாலே தெரிந்துவிடும். ஒரு நண்பன் வந்து, "தண்ணிகூடக் குடிக்க மாட்டியா?" என்று கேட்பான். கதாநாயகி கோபமே படாமல் விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் என்றால் என்ன, நோன்பு திறக்கும் இஃப்தார் என்றால் என்ன, இரவுத் தொழுகையான தராவீஹ் எதற்கு என்று ஒப்பிப்பாள். ஏழைகளின் பசியை உணரத்தான் நோன்பு என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். (குர்ஆன் 2:183 சொல்லும் காரணம் இறையச்சம். அதைப் படமாக வரைவது கஷ்டம் என்று விட்டுவிடுகிறார்களோ என்னவோ.) பிறகு பேரீச்சம்பழம், சிரித்த முகமாக ஒரு குடும்பம், பெருநாள் புத்தாடை, கடைசியில் அருஞ்சொற்பொருள். அவ்வளவுதான் கதை.

ஒருநாள் வாசித்து முடித்ததும் அண்ணன் மகள் கேட்டாள்: "சாச்சா, இதுல யாருக்குமே பசிக்கலையா?"

நியாயமான கேள்வி. நோன்பு வைத்த பிள்ளைக்கு லுஹர் என்ற மதியத் தொழுகைக்கும் அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்கும் இடையில் மணி நகரவே நகராது. சமையலறைப் பக்கம் காரணமில்லாமல் நாலு தடவை போய்வரும். தம்பி வேண்டுமென்றே முன்னால் வந்து நின்று பிஸ்கட் தின்பான். உம்மா "போதும், நோன்பைத் திறந்துக்கோ" என்பாள். திறந்துகொண்டால் மானம் போய்விடும் என்று பிள்ளை வீம்பாக உட்கார்ந்திருக்கும். பருவம் அடையும்வரை நோன்பு கடமையில்லை என்று பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மூத்தவன் வைத்தால் நானும் வைப்பேன், அவ்வளவுதான். இந்தப் பிடிவாதத்தைச் சமாளிக்க உலகமெங்கும் அரைநாள் நோன்பு கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். துருக்கியில் அதற்கு 'தெக்னே ஒருஜு' என்று பெயர். இந்தோனேசியாவில் மதியத் தொழுகைக்குப் பள்ளிவாசல் முரசு கொட்டும்வரை இருந்தால் போதும், 'புவாசா பெடுக்' ஆகிவிடும். இதைவிட நல்ல கதைக்களம் எங்கே கிடைக்கும்?

மறந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்ட பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பாதி டம்ளர் உள்ளே போன பிறகுதான் ஞாபகம் வருகிறது. முகம் வெளிறிப்போய் நிற்கிறது. யாரிடமும் சொல்லாமல் மறைக்கலாமா, சொல்லி அழலாமா? மறதியாகச் சாப்பிட்டவர் நோன்பைத் தொடரட்டும், அவருக்கு உணவளித்தது அல்லாஹ்தான் என்று புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் நபிமொழி இருக்கிறது. பிள்ளைக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்கிற நிமிடத்தை ஒரு நல்ல ஓவியரிடம் கொடுத்துப் பாருங்கள். எந்த அருஞ்சொற்பொருளும் தேவைப்படாது.

இன்னொன்றும் இருக்கிறது. முஹர்ரம் பத்தாம் நாளான ஆஷூரா நோன்பன்று நபித்தோழர்கள் தங்கள் பிள்ளைகளையும் நோன்பு இருக்க வைப்பார்கள். சாப்பாடு கேட்டு அழுதால் கம்பளியில் செய்த விளையாட்டுச் சாமானைக் கையில் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம்வரை போக்குக் காட்டுவார்கள் என்று ருபையிஃ பின்த் முஅவ்வித் என்ற பெண்மணி அறிவித்திருக்கிறார். ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்பே பிள்ளைகள் பசித்து அழுதிருக்கிறார்கள், பெரியவர்கள் பொம்மை செய்து கொடுத்திருக்கிறார்கள்! நம் புத்தகங்களில் மட்டும்தான் எல்லாரும் புன்னகைத்தபடியே, நோன்பு திறக்கும் மஃக்ரிபுக்கு வந்து சேர்கிறார்கள்.

வீட்டில் நோன்பு வைக்காதவர்களும் இருப்பார்கள். சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்ளும் தாத்தாவால் முடியாது. விட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவு கொடுக்கிறார். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு பேரனுடையது என்றால் அங்கேயே ஒரு கதை கிடைத்துவிட்டது. அக்கா சில நாட்கள் வைக்க மாட்டாள், விட்டதைப் பிறகு வைத்துக் கழாச் செய்வாள். ஏன் என்று சின்னது கேட்கும். "அக்காவுக்கு இன்னைக்கு நோன்பு இல்ல" என்று உம்மா சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். அந்த ஒரு வரியை அச்சில் கொண்டுவர எழுதுபவர்களுக்கு என்ன தயக்கம்?

பிறை விஷயம் இன்னும் வேடிக்கை. புத்தகங்களில் பிறை சொன்ன நேரத்துக்கு, துடைத்து வைத்ததுபோல வந்து நிற்கும். நிஜத்தில் இருபத்தொன்பதாம் நோன்பு முடிந்த இரவு, பிறை தெரிந்ததா இல்லையா, நாளைக்கு நோன்பா பெருநாளா என்று யாருக்கும் தெரியாது. ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாட்டில் பெருநாள், இன்னொன்றில் முப்பதாவது நோன்பு. ஒரே ஊரில் இரண்டு பள்ளிவாசல் இரண்டு நாள் கொண்டாடுவதும் உண்டு. புத்தாடையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்க மறுக்கும் பிள்ளைக்கு அந்த இரவு ஒரு துப்பறியும் கதை. நமக்குள் உள்ள கருத்து வேறுபாடு வெளியே தெரியக் கூடாது என்று பெரியவர்கள் வெட்கப்படுகிறார்கள். பிள்ளைகளுக்கு அது எப்போதோ தெரியும்.

அட்டையில் தொங்கும் அந்த வண்ண விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபானூஸ் எகிப்தியர்களுடையது, கெய்ரோ தெருக்களின் அழகு. அதற்காக எந்த நாட்டுக் குடும்பத்தை வரைந்தாலும் ஜன்னலில் அதையே மாட்டினால் எப்படி? வளைகுடாப் பிள்ளைகள் ரமலான் நடுவில் பாட்டுப் பாடி வீடு வீடாகப் போய் இனிப்பு வாங்கும் கர்கீஆன் இருக்கிறது. சஹருக்கு எழுப்ப மேளம் கொட்டிவரும் துருக்கிக்காரர் இருக்கிறார்.

காலமும் அப்படித்தான். சந்திர வருடம் ஏறக்குறைய 354 நாள் என்பதால் ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து, சுமார் 33 வருடத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடும். 2030இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று என இரண்டு முறை தொடங்கப்போகிறது. 1993இல் சிறுமியாக நோன்பு வைத்த ஓர் உம்மாவின் மகளுக்கு, 2026இல் ஏறக்குறைய அதே பிப்ரவரியில் முதல் நோன்பு வந்திருக்கும். யாராவது எழுதுங்களேன்.

"விளக்கம் இல்லாவிட்டால் மற்றப் பிள்ளைகளுக்குப் புரியாதே" என்பார்கள். பனியைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் பனிமனிதன் கதையை விளக்கவுரை கேட்காமல்தான் படிக்கிறார்கள். அறிமுகப் புத்தகங்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. வகுப்பறைக்கு அவையும் தேவை. 2016இல் அமெரிக்கப் பதிப்பகமான சைமன் அண்ட் ஷூஸ்டர் முஸ்லிம் பிள்ளைகளின் கதைகளுக்கென்றே 'சலாம் ரீட்ஸ்' என்ற பிரிவைத் தொடங்கியபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் கடைகளும் நூலகங்களும் ரமலானில் இவற்றை முன்வரிசையில் அடுக்கி, அடுத்த மாதமான ஷவ்வால் பிறந்ததும் உள்ளே தள்ளிவிடுகின்றன. மீதிப் பதினொரு மாதம் முஸ்லிம் பிள்ளைகள் என்ன செய்கிறார்களாம்?

எனக்கு இப்போது வேண்டியது, காணாமல்போன சைக்கிளைத் தேடும் ஒரு பெண்ணின் கதை. தேடுகிற நாளில் அவளுக்கு நோன்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எட்டு வயதுக்குப் பொருந்துகிற மாதிரி எந்த மொழியில் இருந்தாலும் பெயரைச் சொல்லுங்கள், தேடி வாங்கிக்கொள்கிறேன்.