ரிக்கெட்ஸ் க்ளென்: ஆர்வியில் போகிறவர்கள் கவனத்துக்கு

பென்சில்வேனியாவின் ரிக்கெட்ஸ் க்ளென் பூங்காவில் ஆர்வியோடு (உள்ளேயே தங்கும் வசதியுள்ள பயண வண்டி) தங்குவதைப் பற்றி உங்கள் பதிவில் படங்களோடு நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அங்கே போய்ச் சேரும் வழியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! ரெட் ராக் ஊர்ப் பக்கமிருந்து ஏறும் 487-ஆம் எண் சாலை சரியான செங்குத்து. கனமான டிரெய்லரை இழுத்து வருகிறவர்கள் அந்த ஏற்றத்தைத் தவிர்த்து வடக்கே உள்ள டுஷோர் ஊர் வழியாக வரச்சொல்லி பூங்கா நிர்வாகமே அறிவுறுத்துகிறது. ஜிபிஎஸ் காட்டுகிறதே என்று போகாதீர்கள், அதற்கு உங்கள் வண்டியின் எடை தெரியாது.

அப்புறம், பெயருள்ள 22 அருவிகளையும் ‘ஒரு சின்ன நடையில்’ பார்த்துவிடலாம் என்று நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் கொஞ்சம் ஓவர். முழுச் சுற்று 7.2 மைல். நேரமில்லையென்றால் ஹைலேண்ட் பாதை வழியாகக் குறுக்கே வெட்டி சுமார் 3 மைல் சுற்றுங்கள், பெரும்பாலான அருவிகளும், இருப்பதிலேயே உயரமான 94 அடி கனோகா அருவியும் அதிலேயே வந்துவிடும். கற்படிகள் சாரல் பட்டு வழவழவென்று இருக்கும். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ரப்பர் செருப்போடு இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குத்தான் வயிற்றைக் கலக்கும். குளிர்காலத்தில் பனிக்கேற்ற கருவிகள் இல்லாமல் அந்தப் பாதையில் விடவே மாட்டார்கள்.